பூண்டுச் சரத்தில் ஒரு கூடு

அவள் யாரோடும் ஓடிப்போகவில்லை. முதலில் இது இருக்கட்டும், மற்றதைப் பிறகு பேசலாம். மாவு மில் வரிசையில் வாளியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "ஒதிலியாவா? அவ குருவி விக்கிறவன்கூடப் போயிட்டா" என்று சொல்கிறவர்களைக் கேட்கிறேன். அந்தக் குருவி விற்கிறவன் யார்? எந்த ஊர்? அவன் மூக்கு நீளமா, சப்பையா? ஒருத்தியும் சொல்ல மாட்டாள். அப்படி ஓர் ஆள் இருந்தால்தானே அவனுக்கு மூக்கு இருக்கும்.

இன்னொரு கதையும் சுற்றுகிறது. ரீங்காரச் சிட்டைக் கொன்று சிவப்பு நூல் சுற்றி, மாமியார் கிரெசென்சியாவின் தலையணைக்குக் கீழே வைத்துக் கிழவியைப் படுக்கையில் தள்ளிவிட்டாளாம். கிரெசென்சியா படுக்கையிலா கிடக்கிறாள்? இன்று காலையில்கூட நாய்களைத் துடைப்பத்தால் விரட்டிக்கொண்டிருந்தாள், தெருமுனை வரைக்கும் சத்தம் கேட்டது. ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது, தெரியும். ஆனாலும் நடந்தது நடந்தபடி ஒருமுறையாவது சொல்லப்பட வேண்டும். இது ஒதிலியா வாயாலேயே நான் கேட்டது.

ஒதிலியா இந்த ஊர்ப் பெண் இல்லை. மேலே, பைன் மரக் காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற குக்கிராமத்துக்காரி. கிரெசென்சியாவின் ஒரே மகன் ஃபிதென்சியோ அவளைத் திருடிக்கொண்டு வந்தான். எங்கள் பக்கத்தில் பாதிக் கல்யாணம் அப்படித்தான். பெண்ணும் சம்மதித்துத்தான் திருட்டு நடக்கும். மறுநாள் பையன் வீட்டார் ரொட்டிக் கூடையும் சாராயப் புட்டியுமாகப் பெண் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்பார்கள். பெண்ணின் அப்பா கொஞ்ச நேரம் கத்துவார், பிறகு புட்டியைத் திறப்பார். ஒதிலியாவின் அப்பா புட்டியைத் திறக்கவில்லை. "எடுத்துட்டுப் போனவங்களே வச்சுக்குங்க. இனி அவ ஒங்க வீட்டுப் பொருள்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். ஆகவே அவளுக்குத் திரும்பிப் போக ஒரு வாசல் இல்லாமல் போயிற்று. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதுச் சோளம் முழங்கால் உயரம் வருவதற்குள் ஃபிதென்சியோ வடக்கே கிளம்பிவிட்டான். வடக்கு என்றால் எங்களுக்குத் திசை இல்லை, மெக்சிகோ எல்லைக்கு அந்தப்புறம் அமெரிக்கா. சான் ததேயோ ஊரில் மீசை முளைத்தவன் எல்லாம் அங்கேதான் இருக்கிறான். கிளம்பும்போது அம்மாவிடம், "இவளப் பாத்துக்கம்மா" என்று சொன்னானாம். கிரெசென்சியா பார்த்துக்கொண்டாள். காலையில் அடுப்படியில் பார்த்தாள், மத்தியானம் துவைக்கிற கல்லில் பார்த்தாள், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்கையைப் பிடித்தபடி பார்த்தாள். வடக்கே போனவன் மனைவி மாமியார் இல்லாமல் வாசற்படி தாண்டக் கூடாது என்பது எங்கள் ஊரில் எழுதாத சட்டம். தாண்டினால் அடுத்த வாரமே வடக்கே இருக்கிறவன் காதுக்குப் போய்விடும்.

முதலில் ஒரு நடை மட்டும் அவளுக்கு இருந்தது. விடியற்காலையில் சுண்ணாம்புத் தண்ணீரில் வெந்த சோளத்தை மில்லுக்கு எடுத்துப்போய் அரைத்துவருவது. ஒருநாள் மில்காரன் ருபெர்த்தோ, அவன் வாய் சும்மா இராது என்று எல்லாருக்கும் தெரியும், "மலைக்காரப் பொண்ணே, ஒன் சோளம் மட்டும் எப்படி இவ்வளவு வெள்ளையா இருக்கு? பால்ல குளிப்பாட்டுறியா?" என்று கேட்டான். அவள் சிரித்துவிட்டாள். அவ்வளவுதான் குற்றம். மாவு வாளியோடு அவள் வீடு வந்து சேர்வதற்குள் சிரிப்பு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. அந்தச் செவ்வாய்ச் சந்தையில் கிரெசென்சியா கையால் சுற்றும் அரைவை எந்திரம் ஒன்றை வாங்கி வந்து அடுப்படிப் பலகையில் திருகி மாட்டினாள்.

"இனிமே அலைய வேண்டாம் மகளே. பாரு, வீட்டுக்கே மில்லு வந்துடுச்சு."

பாசமாகத்தான் சொன்னாள். அதுதான் கொடுமை.

அப்படி அவளுக்கு மிஞ்சியது பின்கட்டு. மூன்று பக்கமும் மண்சுவர், சுவர் உச்சியில் பதித்த கண்ணாடிச் சில்லுகள். ஒரு அவகாடோ மரம், தண்ணீர்த் தொட்டி, துவைக்கிற கல், சப்பாத்திக்கள்ளி, பக்கத்து வீட்டிலிருந்து சுவரேறி இந்தப்பக்கம் தொங்கும் சௌசௌக் கொடி. ஒரு மூலையில் யாரும் நடாமல் தானாகப் புதராகிப்போன சிவப்புப் பூச்செடி. மேலே விரித்த போர்வை அளவுக்கு வானம். காலையில் வெயில் மேற்குச் சுவரில் இறங்கும், மாலையில் கிழக்குச் சுவரில் ஏறிப்போகும். அதைப் பார்ப்பதுதான் அவள் கடிகாரம்.

அந்தப் பூப்புதருக்குத்தான் சிட்டுகள் வந்தன. கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு, தையல் ஊசி போல மூக்கு. பறக்கிறதா அந்தரத்தில் நிற்கிறதா என்று கண்ணுக்குப் பிடிபடாது, காதுக்குத்தான் முதலில் தெரியும். எல்லா வீட்டிலும் அவை வரும், யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஒதிலியாவுக்குப் பார்க்க வேறொன்றும் இல்லை. பார்க்கப் பார்க்க ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தெரிந்தது. வயிறு பச்சை, வால் துருப்பிடித்த நிறம் என்று ஒன்று. காதோரம் ஊதா இறகு சிலிர்த்துக்கொள்கிற ஒன்று. கண்ணுக்குப் பின்னால் வெள்ளைக் கோடு இழுத்த ஒன்று. உடம்பெல்லாம் செம்பட்டை நிறமாக ஒன்று. துவைக்கிற கல்லில் தண்ணீர் தெறிக்கும்போது குளிக்க வருகிற சாம்பல் புறாக்கள், தொட்டி விளிம்பில் வாலை நீட்டிக்கொண்டு பாதிரியார் மாதிரி நடக்கிற கறுப்பு நெடுவால் பறவைகள், கள்ளியில் கூடு கட்டிக் காலையெல்லாம் திட்டித் தீர்க்கும் பழுப்புக் குருவி, எல்லாவற்றுக்கும் அவள் ஊர்க்காரர் பேரை வைத்தாள். வெளியே போய் ஊரைப் பார்க்க முடியாதவள் ஊரை உள்ளே வரவழைத்துக்கொண்டாள்.

அடுத்த வீட்டு நிகனோரா சௌசௌ பறிக்க ஏணி போட்டு ஏறும்போதெல்லாம் சுவருக்கு மேல் தலை தெரியும்.

"என்னடி ஒதிலியா, செலையாட்டம் ஒக்காந்திருக்க? உசுரு இருக்கா, போயிடுச்சா?"

"மெதுவாப் பேசுங்கக்கா. தலைவரு வந்திருக்காரு."

"எந்தத் தலைவரு?"

"நகராட்சித் தலைவருதான். அதோ, செடி உச்சியில, ஊதாக் காது. வயிறு நெறைஞ்சு போச்சு, இனி ஒரு பூ உள்ள போகாது. ஆனா வேற எவனையும் கிட்ட வர விடமாட்டாரு."

நிகனோரா சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது.

"அந்தச் செம்பட்டையன் எங்கடி? போன மாசம் இருந்தானே."

"தவக்காலம் வந்துச்சுல்ல, கெளம்பிட்டான். வருசா வருசம் வடக்க போயிருவான்."

"அடப்பாவி, அவனுமா! காகிதம் கீகிதம் இல்லாமத்தான் எல்லை தாண்டியிருப்பான்."

"போகட்டும்க்கா. வெறுங்கையோட வரான். ஆனா மழை முடிஞ்சா வந்துடுறான்."

நிகனோரா அதற்குச் சிரிக்கவில்லை. அவள் புருஷன் உள்ளூரிலேயே இருந்தான், ஆனால் வேறு தெருவில் இருந்தான்.

காலையில் மாமியார் ஜெபமாலையை எடுத்து உட்கார்ந்ததும் ஒதிலியா சோடா மூடி ஒன்றில் சர்க்கரைத் தண்ணீர் விட்டு உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பூப்புதர் ஓரமாக உட்காருவாள். அசைய மாட்டாள். எறும்பு ஏறினாலும் அசைய மாட்டாள். முதலில் பச்சை வயிற்றுக்காரி சுற்றிச் சுற்றி வந்து ஓடிப்போனாள். பிறகு மூடியில் மூக்கை விட்டாள். பிறகு ஒரு நாள் விரலில் உட்கார்ந்தாள். எடையே இல்லை. உட்கார்ந்தது என்று நகக்கண்ணுக்குத்தான் தெரிந்ததாம், அவளே சொன்னாள்.

சர்க்கரை விஷயத்தில் வீட்டில் தகராறு வந்தது.

"டப்பா ஏன் இவ்வளவு சீக்கிரம் காலியாகுது? குருவிக்கு ஊட்டுறியா?"

"என் காப்பிக்குள்ளதத்தான் போடறேன் அத்தே. நான் போடாமக் குடிச்சுக்கறேன்."

"பைத்தியக்காரி. கசப்பாக் குடிச்சா மொகமும் கசந்துபோகும். ஏற்கெனவே அப்படித்தான் இருக்கு" என்று கிரெசென்சியா முணுமுணுத்தாள். ஆனால் மறுநாள் டப்பாவில் சர்க்கரை இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது வினை எங்கே தொடங்கியது என்று கேளுங்கள். செவ்வாய்ச் சந்தையில் மூலிகை விற்கிற வரிசையில் செத்துக் காய்ந்த சிட்டுகள் கிடைக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். சிவப்புப் பட்டு நூல் சுற்றிச் சின்னப் பையில் போட்டுத் தருவார்கள். தேன் தடவி, பட்டைத்தூள் தூவி, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டால் போன ஆண் திரும்புவான், இருக்கிற ஆண் போகமாட்டான் என்பது நம்பிக்கை. எங்கள் ஊரில் போன ஆண்களுக்குப் பஞ்சமே இல்லாததால் அந்த வியாபாரத்துக்கும் பஞ்சமில்லை. ஒதிலியாவின் விரலில் உயிருள்ள சிட்டு உட்கார்ந்ததை ஏணி மேலிருந்து நிகனோரா பார்த்துவிட்டாள்.

அன்றைக்கே சாயங்காலம் சுவருக்கு மேல் தலை வந்தது. குரல் மட்டும் இறங்கியிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு குடுடி. சந்தையில விக்கிறதுல ஒண்ணும் பலிக்கல, எல்லாம் பழசு. ஒன் கையிலதான ஒக்காருது. வெரல மடக்குனா முடிஞ்சுது."

"வேண்டாம்க்கா."

"ஏண்டி?"

"நம்பி ஒக்காருதுக்கா."

"நம்பியா! அது குருவிடி! என் புருசனே என்னை நம்பல, குருவி ஒன்னை நம்புதாக்கும்." ஏணியில் இறங்கிக்கொண்டே சொன்னாள், "யாருக்காகச் சேத்து வச்சிருக்கியோ, யாரு கண்டா."

பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். கிரெசென்சியா கோயிலுக்குப் போன நேரம் பார்த்துத் தெருக்கதவைத் தட்டினார்கள். பேக்கரிக்காரி வந்தாள், தையல்காரி வந்தாள், சர்ச்சில் முன்வரிசையில் முக்காடு போட்டு உட்காருகிற பெரிய மனுஷி ஒருத்தி கூட வந்தாள். எல்லாருக்கும் ஒதிலியா கதவை விரலளவு திறந்து இல்லை என்று சொன்னாள். இன்றைக்கு அவளைப்பற்றி யார் யார் பேசுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அத்தனை பேரும் அன்றைக்கு அந்தக் கதவிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள்.

அடுத்த மழைக்காலத்தின் கடைசியில், பச்சை வயிற்றுக்காரி பின்கட்டுத் தாழ்வாரத்தில் கூடு கட்டினாள். மரத்தில் இல்லை, உத்திரத்தில் கிரெசென்சியா தொங்கவிட்டிருந்த பூண்டுச் சரத்தில். சிலந்தி நூலை மூலைமூலையாகப் பிடுங்கி வந்தாள், சுவர்ப்பாசியைக் கிள்ளி வந்தாள், கள்ளிப்பழத் தோலில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்து வந்தாள். முடிந்தபோது கூடு பாதி எலுமிச்சம்பழ அளவு. உள்ளே அவரை விதை மாதிரி இரண்டு முட்டை. ஒதிலியா ஒட்டடை அடிப்பதை நிறுத்தினாள்.

"அத்தே, அந்தச் சரத்துலேருந்து மட்டும் பூண்டு எடுக்காதீங்க."

"என் பூண்டு, என் உத்தரம், இப்ப குருவிகிட்ட அனுமதி கேக்கணுமா?" என்றாள் கிரெசென்சியா. ஆனால் அவளும் முக்காலி போட்டு ஏறிப் பார்த்தாள். அந்த வாரம் பூண்டில்லாமல்தான் பீன்ஸ் வெந்தது. குஞ்சு பொரித்த பிறகு இரண்டு பேரும் மத்தியானத்தில் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, தாய் அந்த நீள ஊசி மூக்கைக் குஞ்சின் தொண்டைக்குள் முழுசாக இறக்கி ஊட்டுவதைப் பார்த்தார்கள்.

"ஐயோ, குத்திக் கொன்னுடப் போறா... இவ ஒருத்தியாவா வளக்குறா? ஆம்பள எங்க?"

"இந்தச் சாதியில ஆம்பள கூட்டுப்பக்கமே வராது அத்தே."

"ம். தெரிஞ்ச கதைதான்."

இருவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் இருவர் சேர்ந்து சிரித்தது அந்த ஒருமுறைதான் என்று ஒதிலியா சொல்லுவாள்.

அந்தச் சிரிப்பின் ஈரம் காயவில்லை, காவல் புனிதரின் திருவிழா வந்தது. வடக்கிலிருந்து நான்கைந்து பேர் பெரிய வண்டிகளில் வந்து இறங்கினார்கள். அதில் ஒருவன் எலியோதோரோ, ஃபிதென்சியோவின் சித்தி மகன். ஃபிதென்சியோ அதற்கு வெகுநாள் முன்பே தொலைபேசுவதை நிறுத்தியிருந்தான். வடக்கிலிருந்து அழைப்பு வந்தால் பேர் சொல்லிக் கூப்பிடும் தொலைபேசிக் கடை ஒலிபெருக்கியில் யார் யாரோ பேர் வரும், கிரெசென்சியா பேர் வராது. வாசலில் நாற்காலி போட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எலியோதோரோவைக் கண்டதும் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் புள்ள ஏன் பேசறதில்ல? ஒடம்பு சரியில்லையா? சொல்லுடா."

அவன் தொப்பியைக் கையில் திருகிக்கொண்டு நின்றான். "நல்லாத்தான் இருக்கான் பெரியம்மா. வீடு எடுத்திருக்கான். அங்க ஒரு... ஒரு கொழந்தகூட இருக்கு."

ஒதிலியா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கேட்டது. கல்லில் இருந்த ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். அழவில்லை. ஊர் அதையும் பேசியது, "பாத்தியா, கல்நெஞ்சுக்காரி" என்று. முகமே மறந்துபோன ஆளுக்காக எப்படி அழுவது?

கிரெசென்சியாதான் உடைந்துபோனாள். கஞ்சி குடிக்கவில்லை, தலை வாரவில்லை. செவ்வாய்க்கிழமை யாரிடமும் சொல்லாமல் சந்தைக்குப் போய் மூலிகைக்காரி பிளாசிதாவைப் பார்த்தாள். திரும்பி வந்தவள் சால்வையைக்கூட எடுக்காமல் அடுப்படி முக்காலியில் உட்கார்ந்து, மடியிலிருந்து சிவப்புப் பட்டு நூல் உருண்டை ஒன்றை எடுத்து வைத்தாள். கூடவே ஃபிதென்சியோவின் பழைய சட்டைப் பொத்தான்.

"சந்தையில விக்கிறது ஆகாதாம். எவன் புடிச்சதோ, எப்பச் செத்ததோ. கூட்டுல ஒக்காந்திருக்கிற பொம்பளச் சிட்டா இருக்கணும். கட்டுன பொண்டாட்டி தன் கையால புடிச்சு, உசுரோட நூல் சுத்தணும். அப்பத்தான் போனவன் கூட்டுக்குத் திரும்புவானாம்."

ஒதிலியா பிசைந்துகொண்டிருந்த மாவை விட்டு நிமிர்ந்தாள்.

"குஞ்சு இருக்கு அத்தே. இன்னும் றெக்க மொளைக்கல."

"அதுக்கு நான் என்ன பண்ண? எனக்கும் குஞ்சுதான். ஒரே குஞ்சு."

"அவரு வரமாட்டாரு அத்தே."

"வாய மூடு!" என்று கத்தினாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. ஒதிலியாவின் மாவுக்கையைப் பிடித்துக்கொண்டாள். "கேளு மகளே. அவன் மட்டும் வரட்டும். ஒனக்கு ஒரு தடையும் இல்ல. மில்லுக்குப் போ, சந்தைக்குப் போ, ஒங்கம்மாளப் போய்ப் பாரு. நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன். கன்னி மரியாள் மேல ஆணை."

ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க ஒதிலியா துவைக்கிற கல்லில் உட்கார்ந்து யோசித்தாள். மில் வரிசை நினைவுக்கு வந்தது. ஈரச் சோள வாசனை, பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு நிற்பது, திரும்பி வரும்போது சூடு தணியாத மாவு இடுப்பைச் சுடுவது. அம்மாவின் முகம் வந்தது. ஒரு சிட்டு. எத்தனையோ சிட்டுகளைப் பூனை தின்கிறது, ஆலங்கட்டி மழை கொல்கிறது. பிளாசிதா சொல்வது பலிக்காது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பலிக்காவிட்டாலும், செய்துவிட்டால் கிழவி மனம் இளகும், கதவு கொஞ்சம் திறக்கும். செய்யாவிட்டால்? கிழவி சாகிறவரை இந்தச் சுவர்கள். கிழவி செத்த பிறகு, அந்த வாசல் நாற்காலியில் இவள்.

மறுநாள் காலையில் அவள் தானாகவே முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். இதை அவளே சொன்னாள், மறைக்கவில்லை. சிட்டு கூட்டில் இருந்தது. கை கிட்ட வந்தபோது பறக்கவில்லை, பழகின கை. விரல்கள் மூடின. உள்ளே சிறகடிப்புக்கூட இல்லை. இதயம் துடிக்கிறது என்று சொல்ல முடியாது, அரைவை எந்திரத்தின் இரும்புக் கைப்பிடியைச் சுற்றும்போது பலகை அதிருமே, அப்படி ஒரு விடாத அதிர்வு உள்ளங்கை முழுக்க. கீழே இறங்கினாள்.

கிரெசென்சியா நூல் நுனியைப் பிரித்துத் தயாராக நின்றாள். "சுத்து. ம், சுத்துடி."

நூலை வாங்க ஒதிலியா விரல்களைப் பிரித்தாள். சிட்டு உள்ளங்கையில் மல்லாந்து கிடந்தது. கால் இரண்டும் மேலே.

"ஐயோ, செத்துப்போச்சா? உசுரோட சுத்தணும்னாளே!"

சாகவில்லை. கண் திறந்திருந்தது, கறுப்பாக, மிளகு மாதிரி. கை முழுக்க விரிந்திருந்தது, ஒரு விரல்கூட அதன்மேல் இல்லை. இருந்தும் அது பிடிபட்டது போலவே கிடந்தது.

"போ" என்றாள் ஒதிலியா. "கை தொறந்துதான் இருக்கு. போயேன்."

கிடந்தது. அவள் குனிந்து மெல்ல ஊதினாள். அதன்பிறகுதான் அதற்குத் தெரிந்தது. ஒரு சத்தம், கை காலி.

கிரெசென்சியா கையை ஓங்கினாள். அடி விழவில்லை, ஏனென்றால் அதற்குள் மேலே அதே ரீங்காரம் கேட்டது. சிட்டு அவகாடோ மரம்வரை போய்விட்டுத் திரும்பி வந்து, பூண்டுச் சரத்தில் தொற்றி, குஞ்சின் தொண்டையில் மூக்கை இறக்கிக்கொண்டிருந்தது.

"பாத்தியா!" கிழவிக்கு மூச்சு வாங்கியது. கண் மின்னியது. "நூல் சுத்தாமலே கூட்டுக்குத் திரும்பிடுச்சு! இது நல்ல சகுனம்டி. ஏறு, இன்னொரு தடவ புடி. இந்தத் தடவ விடாத."

ஒதிலியா கூட்டை நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அதுக்கு அங்க குஞ்சு இருக்கு அத்தே. அதான் வந்துச்சு. எனக்கு இந்த வீட்டுல என்ன இருக்கு?"

"என்ன இருக்கா? கூரை இருக்கு, அடுப்பு இருக்கு, நான் இருக்கேன்! ஏறுடி முக்காலியில."

"பொண்டாட்டி கையாலதான புடிக்கணும்னு சொன்னா பிளாசிதா?"

"ஆமா."

"வேற யாரு கையும் ஆகாதுல்ல?"

"ஆகாது. அதான ஒன்னைக் கெஞ்சறேன்."

"அப்ப நான் போறேன் அத்தே" என்றாள். "நான் இங்க இல்லன்னா யாரும் அதைத் தொட மாட்டீங்க."

கிரெசென்சியா சிரித்தாள். கோபத்தில் வருகிற சிரிப்பு. "எங்க போவ? ஒங்கப்பன் கதவச் சாத்திட்டான். சந்தைக்கு வழி தெரியுமா ஒனக்கு? தெருவக் கடக்கத் தெரியுமா? போ, போ. மூலை திரும்பறதுக்குள்ள அழுதுகிட்டு வருவ."

ஒதிலியா முக்காலியை எடுத்துக்கொண்டாள். அடுப்படிக்குப் போய் மிச்சச் சோளத்தை அரைத்து முடித்தாள். ரொட்டிகளைத் தட்டிச் சுட்டு, கூடையில் அடுக்கி, துணி போட்டு மூடினாள், கிழவி மத்தியானம் சூடாகச் சாப்பிடட்டும் என்று. பீன்ஸ் பானையைத் தணலில் ஓரமாக நகர்த்தினாள். கையைக் கழுவினாள். வரும்போது கொண்டுவந்த நீலச் சால்வையை எடுத்துத் தலையில் போட்டாள். பின்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் உட்கார்ந்துவிடுவேன் என்று பயமாக இருந்ததாம்.

தெருக்கதவுக்குப் பூட்டு கிடையாது, என்றைக்குமே கிடையாது. பகலில் வெறுமனே சாத்தியிருக்கும்.

நட்டநடு மத்தியானம். தெருவில் பேக்கரிக்காரி நின்றாள், தையல்காரி வாசலில் உட்கார்ந்திருந்தாள், நிகனோரா சௌசௌ விற்றுக்கொண்டிருந்தாள். அத்தனை பேரும் பார்த்தார்கள். எந்த ஆணும் இல்லை, வண்டி இல்லை, குருவிக் கூண்டு இல்லை. கையில் மூட்டைகூட இல்லை.

"எங்கடி தனியா? ஒன் மாமியா எங்க?" என்று நிகனோரா கூவினாள்.

"உள்ளதான் இருக்காங்க."

படியிலிருந்து ஒரு காலை இறக்கியிருந்தாள். உள்ளேயிருந்து கிரெசென்சியாவின் குரல் வந்தது, அவள் இன்னும் நம்பவில்லை.

"கதவச் சாத்திட்டுப் போடி! கோழி வெளிய போயிடும்!"

ஒதிலியா திரும்பினாள். கதவை இழுத்துச் சாத்தினாள். அது கீழே கொஞ்சம் இடித்தது, மழைக்கு ஊறிய கதவு, லேசாகத் தூக்கி இழுத்தால்தான் பொருந்தும். தூக்கி இழுத்துப் பொருத்தினாள். பிறகு மெக்சிகோ நகரத்துப் பேருந்து நிற்கிற சாலையைப் பார்த்து, வெயிலில், தெருவின் நடுவிலேயே நடந்து போனாள்.